தோர்கில் போன வாசல்

என் தங்கை வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உச்சிப்பொழுது தாண்டி ரொம்ப நேரம் ஆகவில்லை. ஆனாலும் வெளிச்சம் அதற்குள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தது. எங்கள் கடற்கழிக் கரையில் டிசம்பர் மாதம் அப்படித்தான். குளிரைப் பற்றிச் சொல்கிறேன், கேளுங்கள். வழியில் ஒரு காகம் கரைந்தது. அந்தச் சத்தம் பாதி வழியிலேயே உறைந்து பனியில் பொத்தென்று விழுந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். மீதிக் கதையில் ஒரு எழுத்துகூட நான் கூட்டிச் சொல்லப் போவதில்லை.

தங்கை போடில் கதவைத் திறந்தாள். என் கண் அவளிடம் போகவில்லை. மேற்குச் சுவருக்குத்தான் போனது. நான்கு நாளைக்கு முன் நான் என் கையால் அடைத்த சுவர் தரையில் செங்கல் குவியலாகக் கிடந்தது.

எங்கள் ஊர் வழக்கம் இது. வீட்டில் ஒருவர் செத்தால் அவரை நிலைக்கதவு வழியாகக் கொண்டுபோக மாட்டோம். மேற்குச் சுவரில் ஓட்டை போட்டு, கால் முன்னால் வைத்து வெளியே எடுப்போம். அன்றைக்கே ஓட்டையை அடைத்துவிடுவோம். செத்தவருக்கு அவர் போன வழி ஒன்றுதான் தெரியும். அது இல்லாமல் போனால் திரும்பி வர மாட்டார். மற்ற வீடுகளில் மண்சுவர், ஆளுக்கு இரண்டு கை களிமண் அப்பினால் முடிந்தது. என் தங்கை புருஷன் தோர்கில் மட்டும் மடத்தில் மிஞ்சிய செங்கல்லைக் கெஞ்சி வாங்கி வீடு கட்டியவர். அதனால் அவர் செத்தபோது கொத்தனார் தேவைப்பட்டது. ஏழு ஊரில் என்னைவிட நல்ல கொத்தனார் கிடையாது. எட்டாவது ஊரிலும் கிடையாது, நான் போய்ப் பார்த்திருக்கிறேன்.

"மேஸ்திரி பல்லே கட்டின சுவர் நாலு நாள்ல விழுந்துச்சுன்னு ஊர் சிரிக்குது, அண்ணே," என்றாள் போடில்.

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்தது போல் இருந்தது. ஒரு வாரம் முன்பு பன்றியின் காதைப் பிடித்து இழுத்து வந்த பெண், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தினமும் தோர்கில் வருவதாகக் கனவு காண்கிறாளாம். பக்கத்தில் வந்து படுப்பாராம். கால் மட்டும் ஐஸ் மாதிரி இருக்குமாம். காலையில் எழுந்தால் உடம்பில் பலம் இல்லை. இடது மணிக்கட்டின் உள்பக்கத்தைக் காட்டினாள். சின்னதாக, வட்டமாக, நாக்கால் தேய்த்துத் தேய்த்துத் தோல் போன இடம்.

"கனவுதான்," என்றேன். "சுவர் விழுந்தது உறைபனியால. சுண்ணாம்பு காயறதுக்கு முன்னாடி உறைஞ்சா பிடிக்காது. தோர்கிலுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

முதல் தடவை அது உண்மைதான். அதில்தான் நான் கெட்டேன்.

பனியை ஏமாற்ற எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. சாந்து குழைக்கும்போது விலங்கு ரத்தம் ஊற்றினால் கல்லாகப் பிடிக்கும். டிசம்பரில் எல்லா வீட்டிலும் பன்றி வெட்டுவார்கள், ரத்தத்துக்குப் பஞ்சமே இல்லை. போடில் குடலில் பார்லியோடு அடைத்து அவிக்க வைத்திருந்த ஒரு வாளி ரத்தத்தை எடுத்து ஊற்றினேன். பண்டிகைக்கு வைத்தது என்று முனகினாள். சாந்து சிவந்து, பளபளவென்று, பிசுபிசுவென்று வந்தது. அப்படி ஒரு சாந்தை ஆயர் வீட்டுப் புகைபோக்கிக்குக்கூட நான் குழைத்ததில்லை. சுவரை ஏற்றி முடித்துத் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். மயிரிழை பிசகில்லை. பெருமையோடு அடுப்பங்கரையில் படுத்துத் தூங்கினேன்.

விடிந்தபோது ஓட்டை திறந்து கிடந்தது.

விழுந்த சுவர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். செங்கல் உடையும், சாந்து கட்டி கட்டியாக ஒட்டியிருக்கும். இங்கே செங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காத குறையாகக் கிடந்தன. ஒன்றிலும் சாந்து இல்லை. பொடிகூட இல்லை. சூளையிலிருந்து அன்றுதான் வந்தது போல் சுத்தம்.

ஒன்றைக் கையில் எடுத்தேன். வழவழவென்று இருந்தது.

வெளியே பனியில் ஓநாய்க் காலடி. ஒவ்வொன்றும் என் தொப்பி அளவு. (சரி, என் உள்ளங்கை அளவு.) அதோடு, கல்லறைத் தோட்டத்துப் பக்கமிருந்து நேராக இந்த ஓட்டை வரைக்கும் ஒரு தடம், சறுக்கு வண்டி வந்தது போல அகலமாக, ஆழமாக. ஓநாய் எதையோ இழுத்து வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். ரத்த வாசனைக்கு வந்த சனியன் என் சாந்தை நக்கித் தின்றுவிட்டுப் போயிருக்கிறது.

போடிலால் அன்று பால் செம்பைத் தூக்க முடியவில்லை.

பிறகு நான் அலைந்த அலைச்சலைச் சொன்னால் உங்களுக்கே கோபம் வரும். பங்குச் சாமியார் லௌரிஸிடம் போனேன். மணிக்கட்டுக் காயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. ரத்தக்காட்டேரியாக இருக்கலாம், குழியைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று அவரே சொன்னார். அப்பாடா என்று மண்வெட்டியை எடுத்தேன். ஆயர் கைப்பட எழுதிய ஓலை இல்லாமல் கிறிஸ்தவக் குழியைத் தொடக்கூடாது என்றார். ஆயர் கழிக்கு அக்கரையில் இருக்கிறார். கழியோ பாதி உறைந்திருக்கிறது. படகு போகாது, நடந்தால் தாங்காது.

"முழுசா உறைய எத்தனை நாளாகும், சாமி?"

"கர்த்தர் சித்தம். ரெண்டு வாரம் ஆகலாம். அதுவரைக்கும் உன் தங்கச்சிக்குக் கடைசிப் பூசுதல் வேணும்னா சொல்லு, உடனே வந்துடறேன்."

பிரபுவின் காட்டுக்காவலனிடம் போனேன். காட்டில் இருக்கும் ஓநாய் தன் பொறுப்பு, முற்றத்துக்கு வந்த ஓநாய் முற்றத்துக்காரர் பொறுப்பு என்றான். சரி, நானே அடிக்கிறேன் என்றேன். பிரபுவின் ஓநாயை நீ எப்படி அடிக்கலாம் என்று கேட்டான்.

போடிலை என் வீட்டுக்குக் கூட்டிப்போகப் பார்த்தேன். அசையவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு முன் விதவை வேறு கூரையின் கீழ் தூங்கினால் பண்ணை கைவிட்டுப் போகும் என்பது எங்கள் சட்டம்.

"இருவது வருஷம் அந்த மனுஷனோட குப்பை கொட்டிச் சேர்த்த வீடு," என்றாள், எழுந்து உட்காரக்கூட முடியாமல். "உயிரோட இருந்தப்பவே பயப்படல. செத்தப்புறம் பயந்து விட்டுக்குடுப்பேனா? போய்ச் சுவத்த ஒழுங்காக் கட்டு, அண்ணே."

ஒழுங்காகக் கட்டு. என்னைப் பார்த்து. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு வாளி ரத்தம் ஊற்றிக் குழைத்தேன். இரண்டு செங்கல் கனத்துக்கு ஏற்றினேன். கோட்டைக்குப் போதும் அந்தச் சுவர். அதையும் விடிவதற்குள் காணோம். போடில் அன்று காலை கண்ணே திறக்கவில்லை. கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது. இன்னொரு ராத்திரி தாங்க மாட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சாந்துக் கரணையை வீசி எறிந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். அங்கே யெப்பெ குனிந்து பனியை அள்ளி வாயைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

யெப்பெ தோர்கிலின் தம்பி. முப்பது வயது. வைக்கோல் பரணில் படுப்பான், ஒரு நாளைக்கு மூன்று வார்த்தை பேசினால் அதிகம். இரண்டு புருவமும் மூக்கின்மேல் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். அது எதனால் என்று ஊருக்கே தெரியும். அவன் அம்மா தோர்கிலைப் பெற்றபோது மூன்று நாள் துடித்தவள். அடுத்த பிள்ளைக்கு வலியே வேண்டாம் என்று, குதிரைக்குட்டி பிறந்த சவ்வை நான்கு குச்சியில் விரித்துக் கட்டி, அதற்குள் உடம்பில் துணியில்லாமல் தவழ்ந்து போனாள். அப்படிச் செய்தால் வலிக்காது. ஆனால் பிறக்கும் ஆண்பிள்ளை இருட்டினால் ஓநாயாகிவிடுவான். அவன் முகத்துக்கு நேராக யாராவது 'நீ ஓநாய் மனிதன்' என்று சொல்லிவிட்டால் சாபம் அந்த நிமிடமே தீரும். தன் வாயால் அவன் அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்ல முடியாது. சொல்பவனின் குரல்வளையைத்தான் அது கடைசியாகக் கடிக்கும் என்றொரு பேச்சும் இருந்ததால், முப்பது வருடமாக ஒருவரும் சொல்லவில்லை. எல்லோரும் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டுப் போய்விடுவார்கள்.

யெப்பெ நிமிர்ந்தான். பல்லிடுக்கில் துணி நூல் தொங்கியது.

என் தங்கையின் சட்டைக்கையும் மணிக்கட்டுக் காயமும் என் கண்முன் வந்தன. கோபத்தில் குரல்வளையெல்லாம் ஞாபகம் வரவில்லை.

"நீ ஓநாய் மனுஷன்டா," என்றேன்.

அவன் முதுகெலும்பில் ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. அப்படியே பனியில் உட்கார்ந்தான். நெற்றி நடுவே இருந்த மயிர் கொத்தாக உதிர்ந்து மடியில் விழுந்தது. நான் குரல்வளையைப் பொத்திக்கொண்டு பத்தடி பின்னால் தாவினேன். இருபதடி இருக்கும்.

அவன் கடிக்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"முப்பது வருஷமா யாராவது சொல்ல மாட்டாங்களான்னு இருந்தேன், மேஸ்திரி," என்றான் மெதுவாக. "இந்த வாரம்தானா உங்களுக்கு வாய் வந்துச்சு?"

பல்லிலிருந்த நூலை எடுத்து என் கையில் வைத்தான். பச்சை நூல். போடில் தோர்கிலின் கோடித்துணிக்கு ஓரம் தைத்த நூல். அன்று அவளுக்கு ஊசி கோத்துக் கொடுத்தவனே நான்தான்.

கட்டு அவிழ்ந்த நாக்கு நிற்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னான். இருட்டியதும் தோர்கில் வருகிறார். முதலில் சுவரை நக்குகிறார், சாந்து தீரும்வரை நக்குகிறார், பிறகுதான் உள்ளே போகிறார். யெப்பெ ஒவ்வொரு தடவையும் கடித்து இழுத்துப் பாதி வழியிலாவது தடுத்திருக்கிறான். போடில் இன்னும் மூச்சு விடுவது அதனால்தான்.

"மொத நாள் சுள்ளி மாதிரி இருந்தான். நீங்க ரத்தச் சாந்து வெக்க வெக்க எருது மாதிரி ஆயிட்டான். நேத்து என்னாலயே இழுக்க முடியல." கொஞ்சம் நிறுத்தினான். "இன்னிக்கு நான் வெறும் யெப்பெ."

அதாவது, இரண்டு ராத்திரியாகப் பிணத்துக்கு விருந்து வைத்தவன் நான். காவலுக்கு இருந்த ஒரே நாயை அவிழ்த்து விட்டவனும் நான். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். முடியாதாம். 'நீ ஓநாய் மனிதன் இல்லை' என்று இரண்டு தடவை சொல்லியும் பார்த்தேன். ஒன்றும் முளைக்கவில்லை.

இருட்ட இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது.

வீட்டுக்குள் போய் அந்த ஓட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். செத்தவருக்கு அவர் போன வழி ஒன்றுதான் தெரியும். வரட்டும், உள்ளேயே வரட்டும். ஆனால் வீட்டுக்குள் இல்லை. ஓட்டைக்கு உட்பக்கம் பெட்டி மாதிரி இன்னொரு சுவர் எழுப்பினால்? உள்ளே வந்தவருக்கு வேறு வழி தெரியாது. பின்னால் ஓட்டையை அடைத்துவிட்டால் வந்த வழியும் இல்லை.

உட்சுவருக்கு வெறும் சுண்ணாம்பு போதும், பக்கத்தில் அடுப்பு எரிகிறது, காய்ந்துவிடும். வெளியே அடைப்பதற்குத்தான் என்ன செய்வதென்று புரியவில்லை. உறைபனியில் எது பிடிக்கும்? புலம்பிக்கொண்டே செங்கல் அடுக்கினேன்.

"கொட்டாயில படகுக்குப் பூசற தார் இருக்கு," என்றாள் போடில் படுக்கையிலிருந்து. "சூடா ஊத்தினா நிமிஷத்துல இறுகிடும். மொத நாள்லேருந்து அங்கதான் இருக்கு, அண்ணே."

கையிலிருந்த செங்கல்லைத் தேவைக்கு மேல் ஓங்கித் தட்டினேன். நாற்பது வருடத் தொழிலில் நான் செங்கல்லுக்குத் தார் வைத்ததில்லை. அது கொத்தனார் வேலை இல்லை, கப்பல் ஓட்டை அடைக்கிறவன் வேலை. ஆனாலும் யெப்பெயைத் தார் காய்ச்சச் சொன்னேன்.

அன்று நான் கட்டிய வேகத்துக்கு, ஒரு மணி நேரத்தில் ஆயிரம் செங்கல் வைத்திருப்பேன். யெப்பெ நூற்றிருபது என்பான். அவனுக்கு எண்ணத் தெரியாது. ஏழாவது வரி வைக்கும்போது ஒரு செங்கல் விளிம்பு என் ஆள்காட்டி விரலைக் கிழித்தது. ரத்தத்தைத் துடைக்க நேரமில்லை. அப்படியே சாந்தை இழுத்து அடுத்த வரியை வைத்தேன்.

வெளிச்சம் போனது. மிஞ்சிய பன்றி ரத்தத்தை ஒரு சட்டியில் அந்தச் சுவர்ப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, நானும் யெப்பெயும் வெளியே விறகு அடுக்குக்குப் பின்னால் குந்தினோம்.

காற்று நின்றது.

நாய்கள் குரைக்கவில்லை. தொழுவத்தில் மாடு மெல்லுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் நின்றது. ஈரமண் வாசனை வந்தது, உறைந்து கல்லாய்க் கிடந்த தரையிலிருந்து. கூடவே அணைத்த மெழுகுவர்த்தி வாசனை.

பிறகு அந்தச் சத்தம். பனியின்மேல் எதையோ இழுப்பது போல. இழுப்பதற்கு யாரும் இல்லை.

தோர்கில் நடந்து வரவில்லை.

அவர் எப்படிப் போனாரோ அப்படியே வந்தார். கால் முன்னால் போனவர், தலை முன்னால் வந்தார். மல்லாந்து, கை இரண்டும் மார்பில் கட்டி, கண் வானத்தைப் பார்த்தபடி, பனியில் வழுக்கிக்கொண்டு வந்தார். சவப்பெட்டி மட்டும் இல்லை. நான் பார்த்த அகலத் தடம் ஓநாயுடையது இல்லை.

கன்னம் சிவந்திருந்தது. உயிரோடு இருந்தபோதுகூட அவரை அவ்வளவு ஆரோக்கியமாக நான் பார்த்ததில்லை. எல்லாம் என் சாந்து.

ஓட்டையருகே தலை நின்றது. நாக்கு வெளியே வந்தது. சுவர் இருந்த இடத்தைக் காற்றில் துழாவியது, ஒன்றும் கிடைக்கவில்லை. மூக்கு விடைத்தது. தலை உள்ளே போனது. தோள் போனது. பச்சை ஓரம் வைத்த துணி போனது. கடைசியாகப் பாதம்.

உள்ளே சட்டி தரையில் தட்டிய சத்தம். பிறகு நக்கும் சத்தம்.

யெப்பெ தார் ஊற்றினான், நான் செங்கல் வைத்தேன். ஒரு வரி. இரண்டு வரி. ஐந்து. அந்த அவசரத்திலும் ஒன்றுகூடக் கோணவில்லை. கடைசி வரியில் ஒரே ஒரு செங்கல்தான் பாக்கி. நக்கும் சத்தம் நின்றது.

இருட்டு ஓட்டைக்குள்ளிருந்து அந்தப் பழைய குரல், எப்போதும் போல அலுத்துக்கொண்டு:

"பல்லே. மட்டம் சரியில்ல."

என் தங்கையோடு வாழ்ந்த இருபது வருடமும் என்னிடம் இதைத்தான் சொன்னார் அந்த மனிதர். ஒரு தடவைகூட அது உண்மையாக இருந்ததில்லை. இப்போது என்னைக் கொன்றாலும் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. செங்கல்லைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பிலிருந்து தூக்குக்குண்டை எடுத்துச் சுவரில் பிடித்தேன்.

ஓட்டையிலிருந்து விரல்கள் வந்தன. நூலைப் பிடித்தன. மெதுவாகச் சுருட்டத் தொடங்கின. நூலின் மறுமுனை என் கையில் சுற்றியிருந்தது.

"விடுங்க, மேஸ்திரி," என்றான் யெப்பெ காதருகே.

"அவர் சொன்னது பொய். பாரு, நேராத்தான் இருக்கு."

யெப்பெ நூலைப் பல்லால் கடித்து அறுத்தான். ஓநாய் போனாலும் பல் போகவில்லை. கொதிக்கும் தாரை அந்த விரல்கள்மேல் ஊற்றினான், விரல்கள் உள்ளே போயின, கடைசிச் செங்கல்லைத் தன் உள்ளங்கையால் அறைந்து சொருகினான். தார் புகைந்து, சுருங்கி, இறுகியது.

உள்ளே முட்டும் சத்தம் விடியும்வரை கேட்டது. பிறகு இல்லை.

போடில் மூன்றாம் நாள் எழுந்து பன்றித் தொட்டியைக் கழுவினாள். முப்பதாம் நாள் பூசையில் முன்வரிசையில் உட்கார்ந்து எல்லோரையும்விட உரக்கப் பாடினாள். ஆயரின் ஓலை பிப்ரவரியில் வந்தது. குழியைத் தோண்டிப் பார்த்த லௌரிஸ் சாமியார், சவப்பெட்டி காலி என்று ஆயருக்கு ஒரு பதில் ஓலை எழுதினார். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

இதெல்லாம் நடந்து இருபத்தாறு வருடமாகிறது. கரணையை வைத்துவிட்டுத் தங்கை வீட்டோடு வந்துவிட்டேன். அடுப்பங்கரையில், அந்த உட்சுவரை ஒட்டித்தான் என் கட்டில். வீட்டிலேயே வெதுவெதுப்பான இடம் அது. யெப்பெ பரணை விட்டுக் கீழே வந்துவிட்டான். இப்போதெல்லாம் வாயை மூடுவதே இல்லை. நிம்மதியான வயோதிகம் என்று நீங்கள் நினைக்கலாம்.

போன மாதத்திலிருந்து சாயங்காலமானால் சுவருக்குள் ஒரு சத்தம். நிதானமாக, விடாமல், தட்டை வழிக்கிற மாதிரி. எலி என்கிறாள் போடில். ஏழாவது வரியைத் தடவிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் சாந்து கல்லாக இருக்கிறது. ஒரே ஒரு செங்கல்லைச் சுற்றி மட்டும் துளிகூட இல்லை. ஆடும் பல் போல அசைகிறது. காலையில் உள்ளே தள்ளி வைக்கிறேன், மறுநாள் விரற்கடை வெளியே வந்திருக்கிறது. தார் ஊற்றலாம் என்றால், படுக்கிற இடத்தில் அந்த நாற்றம் கூடாது என்று போடில் தார்ச் சட்டியை ஒளித்து வைத்துவிட்டாள். கட்டிலை நகர்த்தலாம் என்றால் யெப்பெயின் இடுப்பு பிடித்திருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது?

இன்று காலை கண் விழித்தபோது என் வலது கை சுவரோரம் நீண்டு கிடந்தது. ஆள்காட்டி விரலில் அந்தப் பழைய வெட்டுத் தழும்பு ஒன்று உண்டு.

அது மட்டும் ஈரமாக இருந்தது.